ஒரு மாத்திரைக்கு ஐந்து கையெழுத்து

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் நாலு வரி தட்டிவிட்டு அழித்துவிடும் விஷயம் இது. சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு போன் இப்போது எழுத வைத்துவிட்டது. பதிவு கொஞ்சம் நீளம். சந்தோஷமான விஷயமும் கிடையாது. இருந்தாலும் அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு மும்பையிலும் புனேயிலும் டெல்லியிலும் பிழைப்பு நடத்தும் நம்மைப் போன்றவர்கள் ஒரு தடவை படித்து வைத்துக்கொள்வது நல்லது.

போன் செய்தவர் எங்கள் வங்கியிலேயே வேறு கிளையில் இருக்கும் ஒரு தம்பி. சேலத்துக்காரர், டோம்பிவிலியில் வீடு. கூடவே இருக்கும் அம்மாவுக்குப் புற்றுநோய், ஈரல் வரைக்கும் பரவிவிட்டது.

"சார், இனிமே கீமோ கொடுத்துப் பிரயோஜனம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கங்கறாங்க. மாமா என்னடான்னா வேற பெரிய ஆஸ்பத்திரியில ஐசியூவுல சேர்த்துப் பார்க்கலாம்கறாரு. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

என்னிடம் ஏன் கேட்டார் என்றால், நான் அந்தப் பரீட்சையை ஒரு முறை எழுதித் தோற்றவன் என்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். 2016ல் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது அக்காவும் அம்மாவும். ராத்திரி முழுக்க வலி. தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார் என்று அக்கா போனில் சொல்வாள். நான் லீவு போட்டு விமானத்தில் மதுரைக்கு வந்து இறங்கினேன். இறங்கியதும் செய்த முதல் காரியம், அப்பாவை ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் சேர்த்தது. அக்கா தடுத்தாள்.

"தம்பி, அவுகளுக்கு வலி நின்னாப் போதும்டா. வேற ஒண்ணும் வேண்டாம்."

"நீ பணத்தைப் பத்தி யோசிக்காதக்கா. நான் பார்த்துக்கிடுதேன்" என்றேன்.

அவள் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அது எனக்குப் புரியப் பல மாதம் ஆயிற்று.

ஐசியூவில் பதினோரு நாள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பார்க்க விடுவார்கள். மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நாற்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை. ஒரு விடியற்காலை நாலு மணிக்குப் போய்விட்டார். பக்கத்தில் நாங்கள் யாரும் இல்லை.

அந்த வலிக்கு மருந்து உண்டு என்பதும், அதை வீட்டிலேயே வாய்வழி மாத்திரையாகக் கொடுக்கலாம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த மருந்தின் பெயரை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை, ஏன் நமக்குக் கேட்கத் தெரியவில்லை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் பி.காம் படித்து வங்கியில் கணக்குப் பார்க்கிறவன், மருத்துவம் தெரியாது. ஆனால் கோப்பு, லைசென்ஸ், சுற்றறிக்கை எல்லாம் நல்லாவே தெரியும் :-). இந்தக் கதையில் பாதி அதுதான்.

லண்டனில் ஒரு ஜன்னல்

ஹாஸ்பிஸ் என்ற சொல் விருந்தினரைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. பழைய ஐரோப்பாவில் வழிப்போக்கர்களும் யாத்ரீகர்களும் தங்கும் சத்திரத்துக்கு அப்படிப் பெயர். 1842ல் பிரான்சின் லியோன் நகரத்திலும், 1879ல் அயர்லாந்தின் டப்ளினிலும், சாகும் தறுவாயில் இருக்கும் ஏழைகளுக்காக இல்லங்கள் தொடங்கினார்கள். அங்கே படுக்கை, கஞ்சி, பிரார்த்தனை, ஆறுதல் எல்லாம் கிடைத்தன.

வலியைத் தீர்ப்பதை ஒரு மருத்துவத் துறையாக மாற்றியவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1918ல் பிறந்தவர். நர்ஸாக இருந்தார். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல், மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களைக் கவனிக்கும் சமூகப் பணியாளர் ஆனார். அங்கே டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதியைச் சந்தித்தார். ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தவர், சொந்தபந்தம் யாரும் அருகில் இல்லாத யூதர், புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். ஊர் விட்டு ஊர் வந்த மனிதர் என்பதால் இவர் கதை மட்டும் எனக்கு மறக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கென்று ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டிருப்பார்களாம். 1948ல் டாஸ்மா இறந்தபோது தன்னிடம் இருந்த 500 பவுண்டை, அந்த இடத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று சொல்லி சிசிலிக்கு எழுதி வைத்தார்.

நர்ஸ் சொன்னால் டாக்டர்கள் கேட்க மாட்டார்கள், நீயே டாக்டராகிவிடு என்று ஒரு மருத்துவர் சொல்ல, முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவப் படிப்பில் சேர்ந்து 1957ல் டாக்டரானார். பிறகு லண்டன் செயின்ட் ஜோசப்ஸ் ஹாஸ்பிஸில் வேலை பார்த்தபடியே வலியை ஆராய்ந்தார். அன்றைய வழக்கம் என்னவென்றால், நோயாளி வலி தாங்காமல் கத்தும்போது மார்ஃபின் ஊசி போடுவது. அவர் அதைத் தலைகீழாக மாற்றினார். வலி வரும்வரை காத்திருக்காமல், கடிகாரத்தைப் பார்த்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாய்வழியாகக் கொடுத்தார். ஏடிஎம்மில் பணம் சுத்தமாகத் தீர்ந்து வாடிக்கையாளர் கத்திய பிறகா நிரப்புகிறோம்? அதே கணக்குதான். இப்படிக் கொடுத்தால் நோயாளி போதைக்கு அடிமை ஆவதில்லை, தெளிவாகப் பேசுகிறார், சாப்பிடுகிறார், குடும்பத்தோடு இருக்கிறார் என்று குறிப்பெடுத்துக் காட்டினார்.

இன்னொன்றும் சொன்னார். நோயாளியின் வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை. மனதில் பயம், வீட்டைப் பற்றிய கவலை, பணக் கஷ்டம், எனக்கு ஏன் இப்படி என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் மொத்த வலி. அதனால் டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், தொண்டர் எல்லோரும் ஒரு குழுவாக இருக்க வேண்டும், குடும்பத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும், இறந்த பிறகும் அவர்களை விட்டுவிடக் கூடாது என்றார். 1967ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். 500 பவுண்டு கைக்கு வந்து 19 வருடம் கழித்து! 2005ல் அதே இல்லத்தில்தான் அவரும் காலமானார்.

காளிகட், காசி, பாந்த்ரா

நம் நாட்டில் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1952ல் கொல்கத்தா காளிகட்டில், காளி கோயிலை ஒட்டிய யாத்ரீகர் சத்திரத்தில் அன்னை தெரசா நிர்மல் ஹ்ருதய்யைத் தொடங்கினார். தெருவில் கிடந்து செத்துக்கொண்டிருந்தவர்களைத் தூக்கி வந்து, கழுவி, படுக்க வைத்து, பெயர் கேட்டுப் பேசினார்கள். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 1994ல் அங்கே போய்ப் பார்த்த லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர், வலுவான வலி மருந்து அங்கே இல்லை, அந்த வகையில் இது ஹாஸ்பிஸ் இயக்கத்தில் இருந்து வேறுபட்டது என்று எழுதினார். அந்தக் கட்டுரை அப்போது பெரிய விவாதமானது.

காசியில் 1958 முதல் முக்தி பவன் இருக்கிறது. காசியில் உயிர் விட வேண்டும் என்று வரும் முதியவர்களும் குடும்பத்தாரும் தங்கும் இல்லம். பொதுவாக இரண்டு வாரம் என்று ஒரு கணக்கு. பஜனை உண்டு, கங்கா தீர்த்தம் உண்டு, வைத்தியம் கிடையாது. வாழ்ந்து முடித்த ஒருவருக்கு அது நிறைவான இடமாக இருக்கலாம். எங்கள் அப்பா மாதிரி வலியில் துடிக்கிறவருக்குப் போதாது.

மருத்துவமும் சேர்ந்த முதல் ஹாஸ்பிஸ் மும்பையில்தான் வந்தது. பரேலில் உள்ள டாடா மெமோரியல் மருத்துவமனையை மும்பைத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த டாக்டர் டி சூசா, இனி சிகிச்சை இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் நோயாளிகள் எங்கே போவார்கள் என்று யோசித்து, 1986ல் பாந்த்ராவில் சாந்தி அவேத்னா சதனைத் தொடங்கினார். மவுண்ட் மேரி தேவாலயம் இருக்கிற அதே குன்றில். செப்டம்பர் 8ஐ ஒட்டி அங்கே திருவிழா நடக்கும், நம் வேளாங்கண்ணித் திருவிழாவும் அதே நாள்தான் என்பதால் தமிழ்க் கூட்டம் எக்கச்சக்கம். நானும் பல வருஷம் அந்த வழியாக ஏறி இறங்கியிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. முற்றிய புற்றுநோய் உள்ளவர்களை ஜாதி, மதம் பார்க்காமல், காசு வாங்காமல் கவனிக்கும் இடம் அது.

அதன் பிறகு 1990களில் பெங்களூரில் கருணாஷ்ரயா, டெல்லியில் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் கேன்சப்போர்ட், புனேயில் சிப்லா அறக்கட்டளையின் மையம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் இந்தியா மாதிரி ஒரு நாட்டில் எத்தனை கட்டிடம் கட்ட முடியும்? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கட்டிடம் இருந்தாலும் மருந்து வேண்டுமே.

நாமே விளைவிக்கிறோம், நமக்கே கிடையாது

மார்ஃபின் எடுப்பது அபினில் இருந்து. அபின் எடுப்பது கசகசாச் செடியில் இருந்து. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள் பயிரிடுகிறார்கள். அரசே கொள்முதல் செய்து காசிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள தன் ஆலைகளுக்கு அனுப்புகிறது. உலகத்தில் சட்டப்படி அபின் ஏற்றுமதி செய்யும் நாடு நம் நாடு. இதையெல்லாம் நிர்வகிப்பது சுகாதார அமைச்சகம் என்று நினைத்தால் தவறு. நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை! எங்கள் வங்கித் துறைக்கும் அப்பன் வீடு அந்த அமைச்சகம்தான்.

1986ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி ஏணி என்ற முறையை வெளியிட்டது. லேசான வலிக்கு பாரசிட்டமால் வகை, அடுத்து கோடீன் வகை, கடும் வலிக்கு மார்ஃபின். வாய்வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக. ஏழை நாடுகளுக்கும் கட்டுப்படியாகும் முறை. மாத்திரை விலை சில ரூபாய்தான்.

அதற்கு முந்தைய வருடம், 1985ல், நம் பாராளுமன்றம் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கடத்தல்காரர்களைப் பிடிப்பதற்கான கடுமையான சட்டம். பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே பத்து வருடச் சிறை. மருத்துவப் பயன்பாட்டை அந்தச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால் லைசென்ஸ் விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வகுத்துக்கொண்டது. விளைவு, ஒரு மருத்துவமனை கொஞ்சம் மார்ஃபின் வாங்கி வைக்க நாலைந்து உரிமங்கள் வேண்டும். வைத்திருக்க ஒன்று, மாநிலத்துக்குள் கொண்டுவர ஒன்று, அனுப்புகிற மாநிலத்தில் ஒன்று, வழியில் எடுத்துவர ஒன்று என்று போகும். வெவ்வேறு இலாகா, வெவ்வேறு காலக்கெடு. எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஐந்தாவது கையெழுத்து வாங்குவதற்குள் முதலாவது காலாவதி ஆகிவிடும். லோன் கோப்போடு அலைந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

மருத்துவமனைகள் என்ன செய்தன? எதற்கு வம்பு என்று வாங்குவதையே நிறுத்திவிட்டன. 1985க்கும் 1997க்கும் இடையில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் உபயோகம் 97 சதவீதம் விழுந்தது. 1997ல் மொத்த இந்தியாவும் உபயோகித்தது 18 கிலோ. வங்கிக்காரன் என்பதால் வகுத்துப் பார்த்தேன். அன்றைய மக்கள்தொகை 95 கோடிக்கு மேல். தலைக்கு ஒரு பத்து மில்லிகிராம் மாத்திரையில் ஐந்நூறில் ஒரு பங்குகூட வரவில்லை.

இதைவிட மோசம், ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் எழுதிப் பழகாமலேயே படித்து வெளியே வந்துவிட்டார்கள். பழகாதவருக்குப் பயம் இருக்கத்தானே செய்யும். 2016ல் எங்களிடம் ஏன் யாரும் அந்த மருந்தைப் பற்றிப் பேசவில்லை என்பதற்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. அந்த டாக்டர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போது பாதியாகக் குறைந்தது.

கோழிக்கோட்டுக்காரர்கள்

1993ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்து நிபுணர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார், இன்னும் சில நண்பர்கள் சேர்ந்து வலி தணிப்புக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். முதலில் புறநோயாளிகளைப் பார்த்தார்கள். எழுந்து வர முடியாதவர்களை என்ன செய்வது என்று யோசித்து வீட்டுக்கே போனார்கள். கட்டிடம் கட்டும் சிக்கலுக்கு இதுதான் விடை. நோயாளிக்கு வீடு இருக்கிறது, பார்த்துக்கொள்ள மனுஷர்கள் இருக்கிறார்கள். மருந்தும், புண் துடைக்கக் கற்றுத்தருகிற ஒரு நர்ஸும், அவ்வப்போது வந்து பேசுகிற ஒருவரும்தான் தேவை.

2001 வாக்கில் இது அக்கம்பக்கத் தொண்டர்கள் நடத்தும் வலையமைப்பாக மலப்புரம் போன்ற மாவட்டங்களில் பரவியது. ஆசிரியர், கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் பயிற்சி எடுத்துக்கொண்டு தெருவில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று கவனித்தார்கள். பெரிய பணக்காரர்களின் நன்கொடையைவிட ஊர் மக்களின் சின்னச் சின்னத் தொகைகள்தான் ஆதாரம். 2008ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்து, பஞ்சாயத்துகள் மூலம் வீட்டுப் பராமரிப்பைக் கொண்டுவந்தது. இந்தியாவின் மக்கள்தொகையில் 3 சதவீதம் மட்டுமே உள்ள மாநிலத்தில்தான் நாட்டின் பெரும்பாலான தணிப்புச் சிகிச்சை மையங்கள் என்று வெகுகாலம் சொல்லும்படி ஆயிற்று.

எனக்குப் பிடித்த பகுதி அவர்கள் கொடுத்த கணக்கு. மார்ஃபினைத் தளர்த்தினால் அது தெருவுக்குப் போய்விடும் என்பதுதானே அதிகாரிகளின் பயம். கோழிக்கோட்டில் இரண்டு வருடத்தில் வாய்வழி மார்ஃபின் பெற்ற 1,723 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2001ல் லான்செட்டில் வந்தது. அவர்களிடையே மருந்து தவறான கைக்குப் போனதற்கோ தவறாக உபயோகித்ததற்கோ ஆதாரம் எதுவும் இல்லை. பெரும்பாலோர் மாத்திரையை வீட்டில் வைத்துச் சாப்பிட்டவர்கள். எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ளும் அறிக்கை.

இதற்கிடையே 1998லேயே மத்திய அரசு விதிகளை எளிதாக்கும்படி மாநிலங்களுக்கு மாதிரி விதிகளை அனுப்பியிருந்தது. சில மாநிலங்கள் மாற்றின, பல மாநிலங்கள் கோப்பைத் தூங்க வைத்தன. 2003ல் டாக்டர் ராஜகோபால் பாலியம் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கினார். பாலியம் என்றால் லத்தீனில் போர்வை. தணிப்புச் சிகிச்சையின் ஆங்கிலப் பெயருக்கும் அதுதான் வேர். அவரும் மற்றவர்களும் வருடக்கணக்கில் தலைநகருக்கும் மாநிலங்களுக்கும் அலைந்தார்கள். 2010ல் எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு, கடைசிக்காலக் கவனிப்பில் 40 நாடுகளை வரிசைப்படுத்தியது. நமக்கு 40வது இடம்.

2014ல்தான் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் போன்ற மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று வகைப்படுத்தப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. நாலைந்து லைசென்ஸுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகரித்தால் போதும். 1985ல் போட்ட முடிச்சை அவிழ்க்க 29 வருடம்.

அப்பா நோய்ப்பட்டது அதற்கும் இரண்டு வருடம் கழித்து. சட்டம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

கோர்ட்டும் குடும்பமும்

இன்னொரு பக்கம், இயந்திரங்களை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி. இதுவும் மும்பையில் இருந்து போன கதைதான். கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973ல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015ல் இறக்கும்வரை 42 வருடம் அங்கே சக நர்ஸுகள் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் வழக்கில்தான் 2011ல் உச்ச நீதிமன்றம், சில நிபந்தனைகளோடு உயிர் காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்றது. 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21வது பிரிவில் அடங்கும் என்றும், இன்னின்ன சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. முதலில் அதற்கு மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியிருந்தது. 2023ல் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். (வங்கி மேனேஜர் கெஜட்டட் அதிகாரி இல்லை. தயவு செய்து என்னிடம் வர வேண்டாம்!)

தணிப்புச் சிகிச்சையையும் கருணைக் கொலையையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. இரண்டும் வேறு. முன்னது சாவைச் சீக்கிரம் கொண்டுவருவதும் இல்லை, இழுத்துப் பிடித்து வைப்பதும் இல்லை. இருக்கிற நாளை வலி இல்லாமல் வாழ வைப்பது அதன் வேலை. நோய் கண்டுபிடித்த நாளில் இருந்தே சிகிச்சையோடு சேர்த்தே கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவம்.

தென்மாவட்டத்துக்காரன் என்பதால் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்ற வழக்கம் 2010ல் பத்திரிகைகளில் வந்தபோது நாடே அதிர்ந்தது. படுத்த படுக்கையான பெரியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பி வைப்பது. அது கொலை, அதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில், புண் வைத்து முனகுகிற ஒருவரை எந்த உதவியும் இல்லாமல் வருடக்கணக்கில் பார்க்கும்படி விட்டது யார் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டன. அந்த வீடுகளுக்கு முதலில் போய்ச் சேர வேண்டியது இதுதான்.

விமானத்தில் வந்து இறங்கும் பிள்ளை

அமெரிக்க டாக்டர்களிடையே ஒரு சொல் வழக்கு உண்டு. கலிபோர்னியாவில் இருந்து வந்த மகள். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட குடும்பம் டாக்டரோடு பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கும். அப்போது தொலைதூரத்தில் இருந்து ஒரு பிள்ளை வந்து இறங்கி, ஏன் இதைச் செய்யவில்லை, ஏன் அதைச் செய்யவில்லை என்று எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும். 1991லேயே ஒரு மருத்துவ இதழில் இதைப் பற்றிக் கட்டுரை வந்துவிட்டது. படித்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் விஷயத்தில் கலிபோர்னியா இல்லை, முலுண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

கூட இல்லாத குற்ற உணர்ச்சியை நாம் பெரிய ஆஸ்பத்திரி பில்லாகக் கட்டுகிறோம். நான் கட்டினேன். அந்தப் பதினோரு நாளில் அப்பாவோடு நான் இருந்த நேரத்தைக் கூட்டினால் நாலு மணி நேரம்கூட வராது.

சேலத்துத் தம்பியிடம் இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. அப்பாவின் கதையை மட்டும் சொன்னேன். பிறகு டாக்டரிடம் கேட்க நாலு கேள்விகள் சொன்னேன். ஒன்று, இந்தச் சிகிச்சையால் அம்மா குணமாவார்களா, இல்லை நாட்கள் மட்டும் நீளுமா? இரண்டு, வலிக்கு என்ன கொடுக்கிறீர்கள், மார்ஃபின் தேவைப்பட்டால் இங்கே கிடைக்குமா? மூன்று, வீட்டுக்கு வந்து பார்க்கும் தணிப்புச் சிகிச்சைக் குழு உண்டா? நான்கு, ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? இதற்கெல்லாம் மேலே ஐந்தாவதாக, அம்மாவிடமே அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்றேன். எங்கள் அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்கிறார். அம்மா வீடு என்று சொல்லிவிட்டாராம். ஒரு குழு வாரம் இரண்டு முறை வந்தது. மாத்திரை நேரத்துக்குச் செல்போனில் அலாரம். அவர் மனைவி ஒரு நூறு பக்க நோட்டில் நேரம், மாத்திரை, சாப்பிட்டது எல்லாம் எழுதி வைத்தார். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை, இரண்டு ராத்திரி ரொம்பக் கஷ்டப்பட்டார்கள் என்றார். ஆனால் ஏழு வாரத்தில் நிறைய நாள் அம்மா உட்கார்ந்து பேத்தியோடு டிவி பார்த்தார். சேலத்து நிலம், யாருக்கு எந்த நகை என்று எல்லாம் சொல்லி முடித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் வீட்டில் இருக்கும்போது போனார்.

ஐசியூவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. விபத்தில் அடிபட்டவருக்கும், குணமாகக் கூடியவருக்கும் அது உயிர் தரும் இடம். யாருக்கு எது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பதறிக்கொண்டு முடிவெடுக்காமல், முன்னாலேயே, அப்பா அம்மா நன்றாக இருக்கும்போதே, பொங்கலுக்கோ கோடை லீவுக்கோ ஊருக்குப் போகிற சமயத்தில் பேசிவிடுங்கள். கூட இருக்கும் அக்காவோ அண்ணனோ மதினியோ என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஊரில் வீட்டுக்கு வரும் நர்ஸ் யார், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் வலி மருந்து கிடைக்கும் என்று விசாரித்து எழுதி வையுங்கள்.

இதைப் போடும் முன்னால் அக்காவுக்கு போன் செய்து முழுசாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அன்னைக்கு நீயும் அவுகளக் காப்பாத்தணும்னுதான செஞ்ச" என்றாள். போடட்டுமா என்று கேட்டேன்.

"போடு தம்பி. நாலு பேருக்காவது ஆகட்டும். எம் பேரை மட்டும் போட்டுறாத."

போடவில்லை, அக்கா.